அரை வினாடி செத்துப் பிழைக்கும் எம்ஜிபி

ஓடிக்கொண்டிருக்கும்போதே அரை வினாடி செத்து, நாம் பதறி முடிப்பதற்குள் தானாகவே உயிர் பிடித்துக்கொள்ளும் வண்டியை எந்த மெக்கானிக்கிடமும் கொண்டுபோய்க் காட்ட முடியாது. அங்கே போனால் சமர்த்தாக ஓடும். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் நின்றுவிடும் பல்வலி மாதிரி. நடுரோட்டில் மொத்தமாகப் படுத்துவிடும் வண்டி இதைவிட எவ்வளவோ மேல், படுத்த இடத்திலேயே வைத்துப் பார்த்துவிடலாம்.

வண்டி 1970ஆம் வருஷத்து எம்ஜிபி ரோட்ஸ்டர், ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு சீட், மடக்கும் துணிக்கூரை. இடம் லண்டனின் வடமேற்குப் பகுதியான ஹாரோ. சொந்தக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். எனக்கு அவர் அண்ணை, அவருக்கு நான் தம்பி. இளவயதில் இங்கே வந்த புதிதில் பக்கத்துத் தெருவில் நின்ற சிவப்பு எம்ஜிபியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர், ரிட்டையர் ஆனதும் முதல் வேலையாக ஒன்றை வாங்கிவிட்டார். வாங்கி மூன்றாவது வருஷம் இந்தக் கோளாறு தொடங்கியது.

"தம்பி, இவன் நிக்கிறான் எண்டு நான் நினைக்கிறதுக்குள்ளை திரும்ப ஓடுறான். ஒரு குலுக்கு, அவ்வளவுதான். பின்னாலை லொறி வந்தா என்ன செய்யிறது?" என்று போனில் சொன்னார். அதற்குள் ஒரு ஒர்க் ஷாப்பில் காயில், பாயிண்ட், கண்டென்சர், பிளக், பிளக் ஒயர், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றியாகிவிட்டது. (பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இன்ஜினோடு சேர்ந்து திறந்து மூடும் குட்டி ஸ்விட்ச். அது திறக்கும் ஒவ்வொரு தடவையும் காயில் பெரிய வோல்டேஜை எழுப்பிப் பிளக்கில் ஸ்பார்க் வரவைக்கும், கண்டென்சர் அதற்குத் துணை.) கண்டென்சர் மட்டும் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் நாலு நாள் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். ஒருவர் 2021இல் வந்த, எத்தனால் கலந்த இ10 பெட்ரோலைக் குற்றம் சொன்னார், இன்னொருவர் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது என்றார். எலக்ட்ரிக் என்றதும் எல்லோரும் சேர்ந்து சிரித்துவிட்டு அந்தப் பழைய ஜோக்கை எடுத்துவிட்டார்களாம்.

ஜோக் தெரியாதவர்களுக்கு: இந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகளில் எலக்ட்ரிக் சாமான் பெரும்பாலும் பர்மிங்காமின் லூகாஸ் கம்பெனியுடையது. ஜோசப் லூகாஸ் பாரஃபின் எண்ணெய் விற்றுத் தொடங்கி விளக்கு செய்யப் போனவர். கம்பெனியின் புகழ்பெற்ற விளக்குக்கு வைத்த பெயர் 'சாலையின் ராஜா'. வண்டிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'இருட்டின் இளவரசன்'. ஆங்கிலேயர் ஏன் பீரை வெதுவெதுப்பாகக் குடிக்கிறார்கள்? அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜும் லூகாஸ் செய்தது. சிரிக்கலாம். ஆனால் சென்னைக்காரனான எனக்கு லூகாஸ் என்றால் பாடி என்கிற எங்கள் ஊர்ப் பேட்டை. 1960களில் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் ஃபேக்டரி அங்கே இருப்பதால் பஸ் ஸ்டாப்புக்கே அந்தப் பெயர். அப்பாவின் அம்பாசடர் டாக்ஸியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாயிண்டைத் தீப்பெட்டி உரசும் பக்கத்தால் தேய்த்து வளர்ந்தவன் நான். அம்பாசடரில் பல பத்தாண்டுகள் ஓடிய 1489 சிசி இன்ஜினும், எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். எம்ஜிபியில் எஸ்யூ கம்பெனியின் கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது) இரண்டு வைத்துக் கொஞ்சம் கோபக்காரனாக்கி இருக்கிறார்கள், அவ்வளவுதான். பானட்டைத் திறந்ததும் சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அண்ணைக்கும் அப்படித்தான், யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய ஆஸ்டின் கேம்பிரிட்ஜுக்குள்ளும் இதே குடும்பத்து இன்ஜின்தான் இருந்தது.

1962இலிருந்து 1980 வரை ஆபிங்டன் ஃபேக்டரியில் 5 லட்சத்துக்கு மேல் செய்த வண்டி இது. அதனால் உதிரிபாகம் பிரச்சினையே இல்லை, இன்றைக்கும் எல்லாம் கிடைக்கும். எனக்குத் தெரிந்து அதுவே ஒரு கெடுதல்: எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், மாற்றிக்கொண்டே போகலாம். போதாக்குறைக்கு, 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2018லிருந்து இங்கே வருடாந்திர எம்ஓடி பரிசோதனை கட்டாயமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்நியக் கண்ணும் போயிற்று.

முதல் நாள் அண்ணையிடம் கேட்டுக் குறித்துக்கொண்டதில் மூன்று குறை இருந்தது. ஒன்று, ஓட்டத்தில் அரை வினாடி கட் ஆவது. இரண்டு, சில நாள் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது. மூன்று, பெட்ரோல் முள் சில சமயம் ஃபுல்லையும் தாண்டி மேலே போய் நிற்பது. மூன்றாவதை அவர் குறையாகச் சொல்லவில்லை. "அடிக்காமலே ஏறுது தம்பி, நல்ல கார்" என்றார்.

கட் ஆவதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றாலும் நான் செல்ஃபிலிருந்து தொடங்கினேன். அது எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி) கோளாறு மாதிரி தெரிந்தது, எர்த் சரியில்லாத வண்டியில் எடுக்கிற எந்த வோல்டேஜ் அளவையும் நம்ப முடியாது. இந்த வண்டியில் பேட்டரி சீட்டுக்குப் பின்னால், தரைக்குக் கீழே பெட்டிக்குள் இருக்கிறது (தொடக்கத்தில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு, இதில் யாரோ 12 வோல்ட் ஒன்றாக மாற்றியிருந்தார்கள்). பாசிட்டிவ் கேபிள் வண்டியின் பாதி நீளம் ஓடி முன்னால் செல்ஃபுக்கு வருகிறது. திரும்பிப் போகிற வழி இன்ஜின், கியர்பாக்ஸ், அங்கிருந்து பாடிக்கு (வண்டியின் இரும்பு உடம்புக்கு) ஒரு பின்னல் பட்டை, பாடி வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ். செல்ஃப் சுற்றும்போது இந்த வழியில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும்.

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை நீள ஒயர் வைத்து இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, அண்ணையைச் சாவி திருப்பச் சொன்னேன். எர்த் நன்றாக இருந்தால் கால் வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. 2.3 வோல்ட் காட்டியது. பேட்டரி ஏற்கெனவே பத்தரை வோல்ட்டுக்கு இறங்கியிருக்கிற நேரத்தில் இதுவும் போனால் செல்ஃபுக்கு எட்டுதான் மிச்சம். இன்னொரு தடயமும் இருந்தது. நாலைந்து தடவை திருப்பியபின் சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. எர்த் பட்டை வழியாகப் போக முடியாத கரண்ட், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போக வேறு எந்த இரும்பு கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு போகும், சோக் கேபிளும் ஆக்சிலேட்டர் கேபிளும்தான் கைக்குக் கிடைத்தவை. இப்படியே விட்டுக் கேபிள் பழுத்து உருகிய வண்டிகள் உண்டு.

அடியில் படுத்துப் பார்த்தால் பட்டை புத்தம் புதிதாக மாட்டியதுதான். எம்ஜிபியில் கிளட்ச் மாற்ற இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும். எப்போதோ அப்படி இறக்கிய யாரோ ஒருவர், அடிப்பாகத்துக்கெல்லாம் கறுப்புப் பெயின்ட் அழகாக அடித்துவிட்டு, பெயின்ட்டின் மேலேயே பட்டையை வைத்துப் போல்ட் முறுக்கியிருந்தார். போல்ட்டின் மறை மட்டும்தான் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுரண்டி, பளபளப்பாக்கி, வாஸலின் தடவி முறுக்கியதும் 2.3 வோல்ட் 0.2 ஆனது. செல்ஃப் கதை அன்றோடு முடிந்தது.

கட் ஆவது முடியவில்லை. அதை எதிர்பார்த்தேதான் இருந்தேன்.

அண்ணை கையில் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு எதையும் தொடாமல் ஓட்டச் சொன்னேன். ஒவ்வொரு தடவை கட் ஆகும்போதும் ஐந்து விஷயம் எழுத வேண்டும்: கிளம்பி எத்தனை நிமிஷம், எந்த ரோடு, ஆக்சிலேட்டரில் கால் எப்படி இருந்தது, குழியில் இறங்கியதா, ஆர்பிஎம் முள் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது) என்ன செய்தது. "இது என்ன தம்பி, சோதினைப் பேப்பர் மாதிரி" என்று அலுத்துக்கொண்டாலும், கணக்குப் பார்த்தே வாழ்க்கையை ஓட்டிய மனுஷர், அச்சடித்த மாதிரி எழுதினார். மொத்தம் 14.

ஐந்தாவது கேள்விதான் எனக்கு முக்கியம். இன்ஜின் பெட்ரோல் இல்லாமல் நின்றால், வண்டி கியரில் உருளும்வரை இன்ஜினும் கூடவே சுற்றும், பாயிண்ட் திறந்து மூடும், அதனால் ஆர்பிஎம் முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து நிதானமாக இறங்கும். காயிலுக்கு அப்பால், பிளக் ஒயர், ரோட்டார், மூடி என்று அந்தப் பக்கம் கோளாறு என்றாலும் முள் விழாது. காயிலுக்குள் ஓடும் 12 வோல்ட் கரண்ட் அறுந்தால் மட்டும், இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழும். இந்த வருஷத்து எம்ஜிபியில் ஆர்பிஎம் மீட்டருக்குள் காயிலுக்குப் போகும் ஒயரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகிறது, அந்த ஒயரில் துடிக்கும் கரண்ட்டை எண்ணித்தான் முள் நகர்கிறது. 14 தடவையும் அண்ணை எழுதியிருந்தது: 'டக்கெண்டு விழுந்தது'. பம்ப், பெட்ரோல், கார்ப்பரேட்டர், பிளக், பிளக் ஒயர், இ10 எல்லாம் அந்த ஒரு வரியில் விடுதலை. மாற்றிய சாமானில் பாதிக்குக் கொடுத்த காசு அநியாயம்.

மற்ற நாலு கேள்விக்கும் வந்த பதில்தான் குழப்பியது. ஆறு தடவை குழியிலோ வேகத்தடையிலோ ஏறி இறங்கியபோது. எட்டுத் தடவை வழவழப்பான ரோட்டில், காலை ஆக்சிலேட்டரில் லேசாக வைத்துச் சீராகப் போகும்போது. அந்த எட்டும் கிளம்பி இருபது நிமிஷத்துக்குப் பிறகு. குழித் தடவைகளுக்கு நேரமே கிடையாது, வீட்டு வாசலிலும் உண்டு. அழுத்தி ஓவர்டேக் செய்யும்போது ஒன்றுகூட இல்லை. சிக்னலில் நின்று ஐடில் ஓடும்போதும் இல்லை.

இதை நான் முதலில் சரியாகப் படிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். "சூடானாத்தான் தம்பி இந்த விளையாட்டு" என்று அவர் அடித்துச் சொன்னதால் நானும் சூடு, சூடு என்றே யோசித்தேன். கண்டென்சரை மூன்று முறை மாற்றியதும் அதே சூட்டை நம்பித்தான்.

சரி, யோசித்து ஆகாது, பிடித்துத்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்து வண்டிக்குள் காவல் வைத்தோம். இரண்டு சின்ன 12 வோல்ட் பல்பு, ஒரு பழைய முள் வோல்ட்மீட்டர். ஒரு பல்பு பியூஸ் பெட்டியில், சாவி போட்டதும் உயிர் வரும் வெள்ளை ஒயரில். இன்னொரு பல்பு காயிலின் சப்ளை முனையில். முள் மீட்டர் காயிலின் மறுமுனையில், அதாவது பாயிண்டுக்குப் போகும் வெள்ளை-கறுப்பு ஒயரில். அங்கே பல்பு வைக்கக் கூடாது, பாயிண்ட் திறக்கும் நேரத்தில் ஸ்பார்க்கின் பலத்தைக் கொஞ்சம் அதுவே குடித்துவிடும், நாம் தேடுகிற கோளாறோடு நாமே உண்டாக்கிய கோளாறும் சேர்ந்துகொள்ளும். முள் மீட்டர் அநேகமாக ஒன்றும் குடிக்காது. இன்ஜின் ஓடும்போது பாயிண்ட் வினாடிக்குப் பல தடவை திறந்து மூடுவதால் முள் பாதி வோல்ட்டில் எங்கோ நடுவில் நிற்கும். பாயிண்ட் பக்கத்து வழி அறுந்தால் முழு 14 வோல்ட்டுக்கு ஏறும் (ஓடும் வண்டியில் 12 வோல்ட் லைன் 14 காட்டும்). எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனாலோ சப்ளையே போனாலோ பூஜ்யத்துக்கு விழும். ஷார்ட்டா, சப்ளை போனதா என்பதைப் பல்பு சொல்லிவிடும்.

மூன்றையும் டேஷ்போர்டில் ஆர்பிஎம் மீட்டருக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, எதிரே போனை வைத்து வீடியோ ஓடவிட்டேன். அரை வினாடியில் எதையும் கண்ணால் பார்க்க முடியாது, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். பழைய வண்டிக்காரர்களுக்குப் போன் கொடுத்த பெரிய வரம் இதுதான் என்பேன்.

முதல் நாளே ஒரு குழியில் மாட்டியது. பியூஸ் பெட்டிப் பல்பு எரிகிறது, காயில் பல்பு அணைந்தது, முள் பூஜ்யம். அப்படியானால் பேட்டரி, சாவி ஸ்விட்ச், பியூஸ் பெட்டி வரைக்கும் சப்ளை இருக்கிறது. இந்த வண்டியில் வெள்ளை ஒயர் டேஷுக்குப் பின்னால் பிரிந்து ஒரு கிளை ஆர்பிஎம் மீட்டரைச் சுற்றிக்கொண்டு காயிலுக்குப் போகிறது. அந்தக் கிளையில், முழங்கை நீளத்துக்குள் கோளாறு.

வண்டியை நிறுத்தி, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியைப் போட்டு (ரொம்ப நேரம் இப்படி விட்டால் காயில் சுட்டுவிடும்), பேட்டரி பாசிட்டிவுக்கும் காயில் சப்ளை முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்த்தேன். 1.4. நியாயமாக அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மிச்சம் ஒரு வோல்ட் எங்கோ காணாமல் போகிறது. காயில் இழுப்பது 4 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு, கணக்குப் போட்டால் கால் ஓமுக்குக் கொஞ்சம் கூடுதலான தடை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டரில் பீப் சத்தம் வைத்துக் கண்டினியூட்டி பார்த்தால் கால் ஓம் எல்லாம் அதற்குக் கணக்கே இல்லை, மீட்டரின் சொந்த ஒயரிலேயே அவ்வளவு இருக்கும், நன்றாக இருக்கிறது என்று பீப் அடித்துவிடும். ஒர்க் ஷாப்பிலும் இந்த ஒயரைப் பீப் பார்த்து 'ஓகே' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பொய்யில்லை, பீப் அடித்திருக்கும்தான். ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அடிக்கும். ஓடுகிற கரண்ட்டை ஓடவிட்டு, வழியில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்ப்பது ஒன்றுதான் உண்மையைச் சொல்லும்.

ஆர்பிஎம் மீட்டரைப் பின்னாலிருந்து பிடித்திருப்பது கையால் திருகும் இரண்டு நட்டு. அதைக் கழற்றி வெளியே இழுத்ததும் கூடவே தொங்கிக்கொண்டு வந்தது ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் கிளிப். ஒயரை வெட்டாமல், தோலை உரிக்காமல், மேலே வைத்து இடுக்கியால் ஒரு அமுக்கு அமுக்கினால் உள்ளிருக்கும் தகடு தோலைக் கிழித்துக்கொண்டு செம்பைத் தொடும், அந்த ரகம். எப்போதோ ரேடியோ மாட்டியவர் செய்த வேலை. தகடு தோலோடு சேர்த்துச் செம்பையும் வெட்டியிருந்தது. இந்த ஒயரில் 14 இழை இருக்க வேண்டும், முழுசாக இருந்தது மூன்று. மற்றதெல்லாம் பச்சை பூத்துப் பொடி. குழியில் இறங்கும்போது அந்த மூன்றும் ஒரு கணம் விலகும், அப்புறம் சேரும்.

வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர் வைத்துச் சால்டர் செய்து மூடினேன். ரேடியோவுக்குத் தனி பியூஸோடு தனி ஒயர். 1.4 வோல்ட் 0.4 ஆனது. டேஷ் திறந்திருக்கும்போதே அந்தப் பெட்ரோல் முள்ளையும் பார்த்துவிடலாம் என்று கையை விட்டேன். இந்த மீட்டருக்கு 12 வோல்ட் நேராகப் போவதில்லை. ஒரு சின்ன ஸ்டெபிலைசர் டப்பா அதை விட்டு விட்டுக் கொடுத்து சராசரி 10 வோல்ட்டாக ஆக்கும். டப்பாவின் எர்த் விட்டுப்போனால் உள்ளே சூடேறி வளைய வேண்டிய தகடு வளையாது, கான்டாக்ட் மூடியபடியே நின்று முழு வோல்ட்டும் போகும், முள் ஆகாயத்துக்கு ஏறும். அநேகமாக ஒரு ஸ்க்ரூ லூஸ். ஆனால் அது ஸ்டீயரிங்குக்கு அந்தப் பக்கம், என் கை போகவில்லை. "அது கிடக்கட்டும் தம்பி, ஃபுல்லாக் காட்டினா மனசுக்கு நல்லதுதானே" என்றார். இருட்டிவிட்டது, நானும் விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் போன். "தம்பி, அதே விளையாட்டு."

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தலையில் கை வைப்பார்கள். அந்தக் கிளிப் காரணமில்லை போலிருக்கிறது, காயிலே போலிதான், மொத்த ஒயரிங்கையும் மாற்றிவிடலாம் என்று போவார்கள். நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அந்த வாரத்தில் ஐந்து தடவை. குழியில் ஒன்றுகூட இல்லை. ஐந்தும் லேசான கால், சீரான ரோடு. அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஒரு கோளாறு இரண்டு விதமாக வரவில்லை, இரண்டு கோளாறு ஒரே வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஒன்று போய்விட்டது, மற்றது அப்படியே இருக்கிறது. நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் அண்ணைக்கு 'ஒன்றும் மாறவில்லை' என்றுதான் பட்டிருக்கும், நானும் நம்பியிருப்பேன்.

பல்பும் மீட்டரும் இன்னும் கழற்றவில்லை. நல்லவேளை. அவர் வழக்கமாகப் போகிற ஏ40 ரோட்டில், ஹை விக்கம் பக்கமாக, நானும் கூடப் போனேன். ஐம்பது மைல் வேகத்தில் சும்மா மிதந்துகொண்டிருந்தபோது குலுக்கியது. வீட்டுக்கு வந்து வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், இரண்டு பல்பும் கம்பீரமாக எரிகின்றன. ஆர்பிஎம் பூஜ்யம். வோல்ட்மீட்டர் முள் நடுவிலிருந்து முழு 14க்குத் தாவி, அங்கேயே நின்று, அப்புறம் இறங்குகிறது. சப்ளை இருக்கிறது, காயில் வழியாக வந்தும் விட்டது, அதற்கப்பால் எர்த்துக்குப் போக வழியில்லை. கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்.

வீட்டில் ஐடிலில் ஓடவிட்டு வெள்ளை-கறுப்பு ஒயரை ஆட்டினேன், முறுக்கினேன், டிஸ்ட்ரிபியூட்டரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன். மசியவில்லை. பாயிண்ட் சுத்தம், இடைவெளி 0.38 மில்லிமீட்டர், சரி. ஹேர் டிரையரால் சூடேற்றியும் பார்த்தேன். ம்ஹூம்.

இரண்டு நாள் அந்த 'லேசான கால்' மண்டையைக் குடைந்தது. அழுத்தினால் வராது, ஐடிலில் வராது, லேசாக வைத்தால் வரும். லேசாக வைக்கும்போது மட்டும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் என்ன நடக்கிறது? கேள்வியை இப்படிக் கேட்டதும் பதில் வந்துவிட்டது: தட்டு திரும்புகிறது. பக்கவாட்டில் வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கிறதே, வேக்குவம் அட்வான்ஸ், அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கார்ப்பரேட்டருக்குப் போகிறது. குழாயின் துளை ஆக்சிலேட்டர் தகட்டின் விளிம்பை ஒட்டி இருப்பதால் ஐடிலில் உறிஞ்சல் அங்கே எட்டாது. முழுசாக அழுத்தினால் உறிஞ்சலே குறைந்துவிடும். லேசாகத் திறந்து சீராகப் போகும்போதுதான் நன்றாக உறிஞ்சி, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைச் சில டிகிரி திருப்பி வைக்கும். நான் ஐடிலில் வைத்து எத்தனை மணி நேரம் ஆட்டியிருந்தாலும் அந்தத் தட்டு அசைந்தே இருக்காது. சூட்டுக் கதையும் இதோடு தீர்ந்தது. ஹாரோவிலிருந்து சிக்னல் சிக்னலாக நின்று ஏ40ஐப் பிடித்துச் சீராக ஓட்டத் தொடங்கவே இருபது நிமிஷம் ஆகிறது. அண்ணை சூடு என்று நினைத்தது ரோட்டை.

குழாயைக் கார்ப்பரேட்டர் பக்கம் கழற்றி, மீட்டரின் ஒரு முனையைத் தட்டிலும் மறுமுனையை டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பிலும் கிளிப் போட்டுவிட்டு, குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். வெறும் பெட்ரோல் வாசனை. தட்டு மெல்லத் திரும்பியது. மீட்டர் 0.2 ஓமிலிருந்து 5, 40, அப்புறம் எண்ணே இல்லை. நாக்கால் அடைத்துப் பிடித்தபடி அண்ணைக்குச் சைகை காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "விடு தம்பி விடு" என்றார். விட்டதும் 0.2.

இந்த 25டி4 ரக டிஸ்ட்ரிபியூட்டரில் திரும்பும் தட்டுக்கு எர்த் கொடுக்க விரல் நீளத்துக்கு ஒரு குட்டி ஒயர் உண்டு. லூகாஸ் போட்டது முடி மாதிரி மெல்லிய இழைகளைச் சேர்த்துப் பருத்தி நூலால் போர்த்திய ஒயர், வருஷக்கணக்கில் வளைந்தாலும் லேசில் ஒடியாது. இதில் இருந்தது கறுப்புப் பிளாஸ்டிக் தோல் போர்த்திய சாதாரண ஒயர், யாரோ பாயிண்ட் மாற்றும்போது பழையது அறுந்து கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். வெளித்தோல் குறையே இல்லை. இரண்டு விரலால் இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டது, உள்ளே செம்பு ஒடிந்து இரண்டு துண்டு. அப்படியும் வண்டி ஓடியது எப்படி என்றால், மேல் தட்டு கீழ்த் தட்டின் மேல் உரசி உட்காருவதால் அந்த உரசலிலேயே கொஞ்சம் எர்த் கிடைத்துக்கொண்டிருந்தது. கிரீஸ் படிந்த இடத்துக்குத் தட்டு திரும்பினால் போயிற்று. பாயிண்ட் மாற்றும் ஒவ்வொரு தடவையும் தட்டைத் துடைத்திருப்பார்கள், நாலு நாள் நன்றாக ஓடியதன் ரகசியமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

சரியான ரக ஒயர் சில பவுண்டுக்குக் கிடைத்தது. மாட்டி, மறுபடி உறிஞ்சினேன், 0.1இலேயே நின்றது. "இதுக்குப் பேசாமல் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருக்கலாமே தம்பி?" என்று கேட்டார். போடலாம், எனக்கு அதில் விரோதம் இல்லை. ஆனால் பாயிண்டுக்குப் பதிலாக வைக்கும் அந்த மாட்யூல்களில் பலதும் எர்த்துக்கு இதே தட்டைத்தான் நம்புகின்றன. புது மாட்யூலும் அரை வினாடி செத்துப் பிழைத்திருக்கும், அதையும் மூன்று முறை மாற்றியிருப்பார்கள்.

இருட்டின் இளவரசன் என்று சிரித்தவர்களுக்கு ஒரு கணக்கு. பெயின்ட் மேல் மாட்டிய எர்த் பட்டை, ரேடியோ கிளிப், பிளாஸ்டிக் ஒயர். பிடிபட்ட மூன்றும் பிற்பாடு யாரோ கை வைத்த இடங்கள். லூகாஸ் 1970இல் இணைத்த இடங்களில் நான் பார்த்தவரை அன்று வைத்தது வைத்தபடியே இருந்தது. இப்போதெல்லாம் பழைய வண்டி பார்க்கப் போனால் ஒயரிங் படத்தை விரிக்கும் முன்னால், படத்தில் இல்லாத ஒயர் எங்கே இருக்கிறது என்றுதான் தேடுகிறேன்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம், 3000 மைல் ஓடிவிட்டது. ஆபிங்டனுக்கே ஒரு தடவை போய்வந்தோம், ஒரு குலுக்கலும் இல்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அண்ணையிடமிருந்து போன். ரோட்டோரமாக நிற்கிறாராம், வண்டி நின்றுவிட்டதாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

"தம்பி, நான் முள்ளைப் பாத்தனான். டக்கெண்டு விழேல்லை. மெல்ல மெல்லத்தான் இறங்கினது. அப்ப கரண்ட் இல்லை, பெட்ரோல்தான்."

"பெட்ரோல் முள் என்ன காட்டுது அண்ணை?"

"அது ஃபுல்லுக்கு மேலை நிக்குது."

கேனில் ஐந்து லிட்டரும், ஸ்டீயரிங்குக்கு அந்தப் பக்கம் எட்டுகிற மாதிரி நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.